தீ தின்னாத காரீயம்

லா லோமா,
6 பிப்ரவரி 1983

தம்பி செவெரோ,

நீ அனுப்பிய பெட்டி கிரோகா தபாலாபீஸில் கிடந்து, போன சந்தை நாளில்தான் என் கைக்கு வந்தது. உன் மச்சான் தோரிபியோவுக்கு நீ வாங்கிய சட்டையில் அவரோடு இன்னொருத்தரும் நுழையலாம். "உன் தம்பிக்கு என் அளவு மறந்துபோச்சா, இல்ல அந்த ஊர் சாப்பாட்டுக்கு எல்லாரும் அப்படித்தான் ஆயிடுறாங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அதையே போட்டுக்கொண்டு கோயிலுக்கும் வந்தார். அவர் சங்கதி உனக்குத் தெரியாதா.

உன் மகள் பிரிஸ்கா நன்றாகத்தான் இருக்கிறாள். வாய்தான் காது வரை நீளம். நாலு வயதுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வருகிறதோ. களிமண்ணில் கழுதை செய்கிறேன் என்று உட்கார்ந்து, பன்றி செய்துவிட்டு, கழுதைதான் என்று சண்டை போடுகிறாள். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், மெருகுத் தொட்டிக்குள் கையை விட்டு முழங்கை வரை மஞ்சளாக நிற்பாள். செத்துப்போன உன் பெண்டாட்டியின் சிரிப்பு அப்படியே இவளுக்கு வந்திருக்கிறது. பார்த்தால் எனக்கு ஒரு நிமிடம் வேலை ஓடாது.

ஒரே ஒரு தொல்லை. கொஞ்ச நாளாக வயிறு வலிக்கிறது என்கிறாள். வெளிக்குச் சரியாகப் போவதில்லை, சோள ரொட்டியைத் தள்ளிவிடுகிறாள். மாந்தம்தான். மாந்தம் எடுக்கிற கசில்டாவிடம் கொண்டு போனேன். குப்புறப் போட்டு, பன்றிக் கொழுப்பு தடவி, முதுகுத் தோலைப் பிடித்து இழுத்தாள். சடக்கென்று சத்தம் கேட்டது. "ஒட்டிக்கிட்டிருந்தது விட்டுடுச்சு, போ" என்றாள். வீட்டுக்கு வந்து, எப்போதும் செய்கிறபடி மெருகுக்கு வைத்திருக்கிற கிரேத்தாப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன். என்னிடம் இருக்கிற கிரேத்தா மாவு போல அரைத்தது. சட்டிக்கு மெருகு பூச என்னைப்போல் அதை அரைக்க ஆளில்லை என்று ஊரே சொல்கிறது. குழந்தைகளுக்கு மாந்தம் என்றால் என் வீட்டில்தான் வந்து வாங்கிப் போகிறார்கள். நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

புளித்தண்ணீர் மட்டும் விரும்பிக் குடிக்கிறாள். நம் புதுக் கூஜாவில் ஊற்றி வைத்தால் இன்னும் இனிப்பாக இருக்கிறதாம்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஒதீலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
27 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்கா,

சட்டை அளவு எனக்கு மறக்கவில்லை. இந்த ஊரில் அதைவிடச் சின்னதே கிடையாது.

பிரிஸ்காவைப் பற்றி நீ எழுதியதை ராத்திரி சாப்பாட்டின்போது என் அறையில் இருக்கும் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கழுதையா பன்றியா என்பதில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய மோட்டார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை எடுத்துப் பெரிய கொப்பரைகளில் உருக்குகிறோம். பாளமாக வார்த்தால் மறுபடி பேட்டரிக்கே போகிறது. கறுப்பாக, கனமாக, பிணம் மாதிரி கனக்கும் சாமான். விஷம். அதற்காக இவர்கள் படுத்தும் பாட்டைக் கேட்டால் நீ சிரிப்பாய். வீட்டுத் துணியை வாசலிலேயே கழற்ற வேண்டும். வேலை முடிந்தால் குளிக்காமல் வெளியே விட மாட்டார்கள். மாதா மாதம் ரத்தம் எடுக்கிறார்கள். எடுப்பது மிஸ் கல்வான் என்று ஒரு நர்ஸம்மா, நம் பாஷை பேசுகிறவர். "நகத்தைக் கடிச்சா விரலையே வெட்டிடுவேன்" என்று எல்லாரையும் மிரட்டுவார்.

என்னோடு உலையில் நிற்கும் நபோர் என்கிற ஹலிஸ்கோக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டான். காரீயம் ஏறிவிட்டதாம். ஈறில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி ஒரு கருநீலக் கோடு. வாயைத் திறந்து எங்களுக்குக் காட்டினான். பாவம், அதிலும் அவனுக்கு ஒரு பெருமை.

அன்றைக்குப் படுத்துக்கொண்டு நினைத்தேன். பெண்டாட்டி போனதும் பிள்ளையையும் இடுப்பில் கட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன்னிடம் விட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று. மண், மரம், சுத்தமான காற்று. அங்கே அவளுக்கு ஒரு குறையும் வராது.

மாந்தத்துக்கு கிரேத்தா கொடுத்தது சரிதான். சின்ன வயதில் எனக்கு அம்மா கொடுக்கவில்லையா? ஒரு சிட்டிகைக்குக் கேட்கவில்லை என்றால் இன்னும் சில நாள் சேர்த்துக் கொடு. நீ பயப்படுகிறவள் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் தம்பி,
செவெரோ


லா லோமா,
20 மார்ச் 1983

தம்பி,

இந்த முறை சிரிக்க எதுவும் இல்லை.

பிரிஸ்காவுக்கு வலி விடவில்லை. நீ சொன்னபடி கிரேத்தாவைச் சேர்த்துக் கொடுத்தேன். கொடுத்த அன்று கொஞ்சம் அடங்குகிற மாதிரி தெரிகிறது, பிறகு முன்னைவிட மோசம். முகம் வெளுத்துவிட்டது. எதற்கெடுத்தாலும் கத்துகிறாள், கடிக்கிறாள். இவள் கடிக்கிற பிள்ளையா? நேற்று வாசற்படியில் இறங்கும்போது கால் மடங்கி விழுந்தாள். தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை.

உன் மச்சான், "நீ செல்லம் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்ட, பாசாங்கு பண்றா" என்கிறார். சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவரும் அவர்தான்.

வாயைக் கழுவிவிடும்போது பார்த்தேன், ஈறோரத்தில் மை தீற்றின மாதிரி ஒரு கோடு. தேய்த்தாலும் போகவில்லை. கரித்துண்டைக் கடித்திருப்பாள் என்று கசில்டா சொல்கிறாள். இன்னொரு முறை முதுகை இழுத்துவிட்டாள். பிள்ளை அலறியதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறேன். நீயும் அங்கே ஒன்று ஏற்று.

ஒதீலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
5 ஏப்ரல் 1983

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அந்தக் கோடு கரி இல்லை. நபோர் காட்டிய கோடு அதுதான். வயிற்று வலி, மலச்சிக்கல், வெளுத்த முகம், எல்லாம் அவனுக்கு இருந்ததேதான். பிரிஸ்கா உடம்பில் காரீயம் போயிருக்கிறது.

எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வீடு முழுக்கத் தேடு. காரீயம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கறுப்பாக, கனமாக, நகத்தால் கீறினால் பளபளக்கும். மச்சானின் மீன்வலைக் குண்டுகள், துப்பாக்கி ரவை, பழைய பேட்டரி, பொம்மை, எது இருந்தாலும் தூக்கிப் போடு. குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன் என்று மட்டும் சொல்லாதே. வீட்டிலேயே இருக்கக்கூடாது.

மிஸ் கல்வான் ஊருக்குப் போயிருக்கிறார். வந்ததும் கேட்டு எழுதுகிறேன். முடிந்தால் மொரேலியாவுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ.

செவெரோ


லா லோமா,
19 ஏப்ரல் 1983

செவெரோ,

வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். வலைக் குண்டுகள் எல்லாவற்றையும் அறுத்து ஏரியில் எறிந்தேன். "வலையை என்ன பண்றது? கெஞ்சினா தானா தண்ணிக்குள்ள முங்குமா?" என்று உன் மச்சான் குதித்தார். நீ விளையாடிய தகரக் குதிரைவீரன் ஒருவன் மச்சில் கிடந்தான், அவனும் போனான். ஜன்னல் கம்பியைக்கூட நகத்தால் கீறிப் பார்த்தேன். அண்டை வீட்டுக்காரிகள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

அதெல்லாம் போனபிறகு இந்த வீட்டில் காரீயம் இல்லை. இந்த ஊரிலேயே இல்லை. இங்கே இருப்பது மண்ணும் விறகும் கிரேத்தாவும் சோளமும்தான். நீ காலையிலிருந்து ராத்திரி வரை அதற்குள்ளேயே நிற்கிறாய். அதனால் உனக்குப் பார்க்கிற இடமெல்லாம் அதுவாகவே தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை என்னிடம் வளர்கிறாள், அவள் வாயில் என்ன போகிறது என்று எனக்குத் தெரியாதா?

உடம்பில் அப்படி ஏதாவது போயிருந்தாலும் வெளியே தள்ளட்டும் என்று கிரேத்தா கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது அவ்வளவாக அழுவதில்லை. தூங்குகிறாள். பகலிலும் தூங்குகிறாள். வாய் ஓயாத பிள்ளை இப்படிச் சும்மா கிடப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சூளையை இறக்கியதும் மொரேலியாவுக்குப் போகலாம் என்கிறார் உன் மச்சான்.

ஒதீலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
3 மே 1983

அக்கா,

என் தந்தி உனக்கு வந்திருக்கும். வராமல் போயிருந்தால்? அதனால் அதையே மறுபடி எழுதுகிறேன். கிரேத்தா கொடுக்காதே. கிரேத்தாதான் காரீயம். உடனே மொரேலியாவுக்குப் போ.

நேற்று ஒரு கொப்பரை அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. மேலே ஏடு மாதிரி படிந்து, பார்க்கப் பார்க்க மஞ்சளாக மாறியது. வழித்துத் தள்ளி ஆறவிட்டோம். ஆறியதும் பொடியாக உதிர்ந்தது. அக்கா, அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். உன் மெருகுத் தொட்டியில் இருப்பது அதுதான். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இதுல யாரு மஞ்சப் பொடியக் கொட்டினது?" என்று கேட்டேன்.

"யாரும் எதையும் கொட்டலப்பா. காரீயந்தான். காத்து பட்டு வெந்து இப்படி ஆயிருக்கு" என்றார்.

"காரீயம் கறுப்பால்ல இருக்கும்?"

"அதுக்கென்ன, திரும்பக் கறுப்பாக்கிக் காட்டட்டுமா?"

காட்டினார். அந்த மஞ்சளைக் கரித்தூளோடு கலந்து உலையில் போட்டார்கள். இன்றைக்குக் காலையில் காரீயமாக ஓடி வந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

மிஸ் கல்வானிடம் ஓடினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காரீயம் ஒரு தனிமம். உடைத்தாலும் உருக்கினாலும் அதற்குள் அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. காற்றில் இருக்கும் பிராணவாயு இன்னொரு தனிமம். தீயில் இரண்டும் கட்டிப் பிடித்துக்கொண்டால் வருவதற்குப் பெயர் சேர்மம். நிறம் வேறு, குணம் வேறு, பெயர் வேறு. ஆனால் உள்ளே காரீயம் உட்கார்ந்திருக்கிறது, ஒரு குன்றிமணிகூடக் குறையாமல். வலைக் குண்டை விழுங்கியிருந்தால்கூட முழுசாக வெளியே வந்திருக்கலாம் என்றார். இந்தப் பொடியை வயிற்றுப் புளிப்பு சுலபமாகக் கரைத்துக் காரீயத்தை ரத்தத்துக்குள் விட்டுவிடுமாம். கூஜாவில் புளித்தண்ணீர் இனிக்கிறது என்றாயே, அந்த இனிப்பும் காரீயம்தான். மெருகிலிருந்து புளி அதை இழுத்துக்கொண்டு வருகிறது.

நீ ஸ்பூனில் வைத்து ஊட்டியிருக்கிறாய். தேடு தேடு என்று எழுதினேனே, தேடிவிட்டு மறுபடியும் ஊட்டியிருக்கிறாய். தூங்குகிறாள், தூங்குகிறாள் என்று எழுதுகிறாய், சூளை இறங்கட்டும் என்கிறாய். பெற்றவளாக இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்குச் சரியானதும் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

செவெரோ


மொரேலியா, ஆஸ்பத்திரி,
17 மே 1983

செவெரோ,

உன் தந்தி வந்த அன்றுதான் பிரிஸ்காவுக்கு வலிப்பு வந்தது. எது முதலில் வந்தது என்று எனக்கு நினைவில்லை. தந்தியைப் படித்துச் சொன்ன தபால்காரரே சந்தை லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார். வழியில் இன்னொரு தடவை வந்தது. உன் மச்சான் தன் இடுப்பு வாரை அவள் பல்லுக்கு நடுவில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, ஊர் எல்லை முதல் ஆஸ்பத்திரி வாசல் வரை எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்.

உயிர் பிழைத்துவிட்டாள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். ஊசி போடுகிறார்கள். காரீயத்தைக் கவ்விக்கொண்டு சிறுநீரில் வெளியே வருகிற மருந்தாம். ஊசி வலிக்கு முனகுகிறாள். ஆனால் பேச்சு இல்லை. என்னைப் பார்க்கிறாள், அடையாளம் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "பேச்சு திரும்ப வரலாம், வராமயும் போகலாம், இப்ப சொல்ல முடியாதும்மா" என்கிறார் டாக்டரம்மா.

உன் மச்சான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தவர் பள்ளிக்கூட வாத்தியாரிடம் பாடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வார்டில் எல்லார் முன்னாலும் டாக்டரம்மாவோடு வழக்காடினார்.

"உப்பு இருக்கே டாக்டரம்மா, அது ரெண்டு விஷம் சேர்ந்து உண்டானதாமே? ஒண்ணு தண்ணியில போட்டா தீப்பிடிக்குமாம், இன்னொண்ணு மூச்சை நிறுத்துற புகையாம். சேர்ந்தப்புறம் தினம் சோத்துல போட்டுத் திங்கறோம். அப்ப கிரேத்தாவும் அப்படித்தானே? சேர்ந்துட்டா குணம் மாறிடுமில்ல?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "வாத்தியார் சொன்னது சரிதாங்க. சேர்ந்தா குணம் மாறும். ஆனா நல்லதாத்தான் மாறும்னு யார் சொன்னா? ஒவ்வொண்ணுக்கும் அதது குணம். உப்பு கரைஞ்சா உங்க உடம்புக்கு வேண்டியது கிடைக்குது. கிரேத்தா கரைஞ்சா காரீயம் கிடைக்குது."

"நாங்க அதைச் சூளையில போட்டு எரிச்சுடறோமே. அந்தத் தீயில எது மிஞ்சும்?"

"தீயால சேர்ந்ததைப் பிரிக்க முடியும், பிரிஞ்சதைச் சேர்க்க முடியும். தனிமத்தைத் தின்ன முடியாதுங்க. நீங்க இத்தனை வருஷம் எரிச்சது எங்கயும் போகல. உங்க தரையில இருக்கு, சுவர்ல இருக்கு, படுக்கையில இருக்கு."

உன் மச்சான் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜூன் கடைசியில் வரும் திருவிழாச் சந்தைக்குச் சூளை அடுக்க வேண்டுமாம்.

உன் கடிதத்தில் 'பெற்றவளாக இருந்திருந்தால்' என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்தேன். மூன்று முறை வயிற்றில் தங்காமல் போனது எனக்கு. உனக்குத் தெரியாதது இல்லை. அதற்கு என் மாமியார் சொன்னதையெல்லாம் அன்றைக்கு நீதான் எதிர்த்துப் பேசினாய். அந்த நீதானா இதை எழுதினாய் என்று நினைத்தேன்.

வந்து கூட்டிக்கொண்டு போ. என்னிடம் விடாதே. அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. நர்ஸிடம் கொடுத்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

ஒதீலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
4 ஜூன் 1983

அக்கா,

அந்த வரியை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. "இன்னும் சில நாள் சேர்த்துக் கொடு" என்று எழுதியதும் இந்தக் கைதான். நீ அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

உன் கடிதம் வந்த அன்று மிஸ் கல்வானைப் பார்க்கப் போனேன். மகளுக்கு உயிர் வந்துவிட்டது என்று சொன்னதும் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், செவெரோ" என்றார்.

"நீ வேலைக்கு வந்த முதல் நாளே உன் ரத்தம் எடுத்தேன். இன்னும் உலைப் பக்கமே நீ போகல. அப்பவே உன் ரத்தத்துல காரீயம் இருந்துச்சு. இங்க பல வருஷம் இருக்கறவங்க சிலருக்குக்கூட அவ்வளவு இல்ல. 'முன்னாடி எந்த உலையில இருந்தே?'ன்னு கேட்டேன். 'அம்மா, நான் சட்டி பானை செய்யறவன், காரீயத்தக் கையாலயும் தொட்டதில்ல'ன்னு சிரிச்சே. சோதனையிலதான் ஏதோ தப்புன்னு விட்டுட்டோம்."

புரிகிறதா அக்கா? நான் இங்கே வந்து விஷத்தில் இறங்கவில்லை. அங்கிருந்தே கொண்டு வந்தேன். அம்மா தன் கையால் எனக்கு ஊட்டியது இன்னும் என் எலும்பில் இருக்கிறது. அம்மாவை நாம் திட்டுவோமா? அப்படியானால் உன்னை மட்டும் எப்படித் திட்டுவது?

இன்னொன்றும் கேட்டேன். எங்கள் உலைப் பக்கம் பெண்களை வேலைக்கு வைப்பதே இல்லை. பளு தூக்க முடியாது என்பதால்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கில்லையாம். காரீயம் இருக்கும் இடத்தில் கரு தங்காது என்றார் மிஸ் கல்வான்.

என் அக்கா பன்னிரண்டு வயதிலிருந்து கிரேத்தா அரைக்கிறாள், அவளுக்கு மூன்று போயிற்று என்று சொன்னேன். "அதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அதனாலயும் இருக்கலாம், நிறையவே இருக்கலாம்" என்றார். நான் உன்னை எந்த இடத்தில் அடித்தேனோ, அந்த இடத்தில்தான் அது உன்னை முதலில் அடித்திருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பிரிஸ்காவை இங்கே கொண்டுவர மாட்டேன். எங்கள் தெருப் புழுதியிலும் இது இருக்கிறது. வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளையும் சோதிக்கப் போகிறார்களாம். அவள் உன்னிடம்தான் இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த மடி உன் மடிதான். ஆனால் கிரேத்தா இருக்கும் வீட்டில் இருக்கக்கூடாது. மச்சானிடம் நான் எப்படிச் சொல்வது? அவருக்கு அந்தச் சூளையை விட்டால் வேறு தொழில் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

தண்ணீர் நீயே கொடு, அக்கா. நர்ஸிடம் கொடுக்காதே.

செவெரோ


கிரோகா,
26 ஜூன் 1983

தம்பி செவெரோ,

மேலே ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். சொல்கிறேன்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்துவிட்டு உள்ளே போய் பிரிஸ்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பாதி தண்ணீர் அவள் கழுத்தில் போயிற்று. குடித்தாள்.

பிறகு அவளை நர்ஸுகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு நாள் ஊருக்குப் போனேன். திருவிழாச் சந்தைக்காக உன் மச்சான் சூளையை அடுக்கி முடித்திருந்தார். மெருகு பூசிய சட்டிகள், கூஜாக்கள், கழுத்து வரை. மூட்டுவதற்குப் பைன் சிராயைப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "பாடம் நடத்த வந்தியா? எல்லாம் கேட்டாச்சு. எங்கப்பன், அவங்கப்பன், யாரு செத்தா இதனால?" என்றார்.

நான் எதுவும் வாதாடவில்லை. தனிமம், சேர்மம் எதையும் எடுக்கவில்லை. உன் கடிதத்தில் பெண்களை உலைப் பக்கம் விடாததைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் நின்ற இடத்திலேயே படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், அதனால் மெதுவாகத்தான் வந்தது.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என் முகத்தைப் பார்த்தார்.

"மூணுமா?" என்றார்.

"அடிச்சுச் சொல்ல மாட்டேன்னுதான் அந்தம்மா சொல்லியிருக்காங்க."

"அது சரி. மூணுமா ஒதீலியா?"

"இருக்கலாம்."

இத்தனை வருஷத்தில் அந்த மூன்றைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை, தம்பி. அவர் அம்மா என்னைக் குறை சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன், உன் மச்சான் எழுந்து வெளியே போய்விடுவார். என்னிடம்தான் குறை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றே நான் நினைத்தேன். அன்றைக்குத்தான் சொன்னார், தன் மேல்தான் ஏதோ சாபம் என்று நினைத்து ஒவ்வொரு வருஷமும் முழங்காலில் நடந்து கோயிலுக்குப் போனாராம். எனக்குத் தெரியாமல் போனாராம்.

சிராய் எரிந்து விரலைச் சுட்டபிறகுதான் கீழே போட்டார். காலால் மிதித்து அணைத்தார். சூளையை மூட்டவில்லை.

மறுநாள் டாக்டரம்மா சொன்னதை எல்லாம் என்னிடம் திரும்பக் கேட்டார். வெள்ளையடித்தால் போகுமா? தரையைக் கொத்திப்போட்டுப் புது மண் போட்டால்? படுக்கையை எரித்தால்? எதற்கும் போகாது, எரித்தால் புகையோடு அடுத்த வீட்டுக்குப் போகும் என்றேன்.

"அது போகாதுன்னா நாம போவோம்" என்றார்.

இங்கே சந்தைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறோம். அவர் செங்கல் சூளைக்குப் போகிறார். செங்கல்லுக்கு மெருகு வேண்டாம். அவருக்கு மேல் ஒரு மேஸ்திரி இருப்பது பிடிக்கவில்லை, தினமும் வந்து அந்த ஆளைப் போல நடித்துக் காட்டுகிறார். ஊரில் எங்களைச் சிரிக்கிறார்கள். "நம்ம ஊர்ல ஏது காரீயம்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஆனால் என் கையால் கிரேத்தா வாங்கிப் போன வீடு எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி பிள்ளையை எடுத்துக்கொண்டு என்னோடு மொரேலியாவுக்கு வந்தாள்.

நீ எழுதியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டேன், இப்போது இல்லை.

பிரிஸ்காவை வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஊசிக்குப் போய்வர வேண்டும். நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைவிட மெதுவாகத்தான் இருப்பாள், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டரம்மா. இத்தனை நாளும் ஒரு சொல் இல்லை. பேருந்தில் அவளை உன் மச்சான் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். லா லோமாவுக்குப் பிரிகிற மண்பாதை வந்தது. எப்போதும் அங்கே இறங்குவோம். பேருந்து நிற்காமல் தாண்டியது.

அப்போது அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை," என்றாள், "அத்தை, நம்ம ஊரு போயிடுச்சு."

உன் மச்சான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முன் இருக்கைகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி நான் அழுதேன். "ஆமாண்டி தங்கம், போயிடுச்சு" என்று அவளிடம் சொன்னேன்.

உன் அக்கா,
ஒதீலியா